தெர்மாகோல் மிதக்கிறது, தண்ணீர் மட்டும் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

செல்கடை_கோவில்பட்டி:

வணக்கம். கோவில்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாள் என்று இந்த வேலையில் இறங்கினேன். அவள் மாதத் தேர்வு என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

செய்தது டைனிலெவ், ஒலியால் சின்னப் பொருள்களை அந்தரத்தில் மிதக்கவிடும் கருவி. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆசியர் மார்சோ குழுவினர் 2017-இல் வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று வரைபடம் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றை ஒன்று பார்த்தபடி மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம். ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஒலியாக்கும் டிரான்ஸ்டியூசர் 36, மொத்தம் 72. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் அடிக்கும் சென்சாரில் இருக்குமே, அந்த மாதிரிப் பொருள்தான். ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு 40 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் தரும், மோட்டார் ஓட்டும் எல்298என் போர்டு அதைத் தூக்கிவிட்டு இரண்டு கிண்ணத்துக்கும் அனுப்பும். காதில் ஒன்றும் கேட்காது. நடுவில் தெர்மாகோல் மணியை விட்டால் அந்தரத்தில் நிற்கும். எனக்கு ஒரே நேரத்தில் ஐந்து மணி ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றது. கடைக்கு வந்தவர்கள் போனை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். (செலவு எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை, இங்கும் சொல்வதாக இல்லை.)

சிக்கல் தண்ணீரில். சொட்டு மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் தண்ணீர் எடுத்து நடுவில் விடுகிறேன். 9 வோல்ட்டில் ஒரு நொடி தயங்கிவிட்டு நேராக விழுகிறது, சில சமயம் பக்கவாட்டில் நழுவுகிறது. 12 வோல்ட்டுக்கு ஏற்றினால் துளி ஆப்பம் மாதிரி தட்டையாகி, ஓரம் நடுங்கி, படாரென்று புகையாகச் சிதறுகிறது. மூஞ்சியெல்லாம் தண்ணீர். நடுவில் ஏதாவது ஒரு வோல்ட்டேஜில் நிற்கும் என்று பார்த்தால் அப்படி ஒரு இடமே கிடைக்கவில்லை. தெர்மாகோலைத் தூக்குகிற ஒலிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரைத் தூக்கத் தெம்பில்லையா, இல்லை தெம்பு அதிகமா? இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி?

இன்னொன்று. இதைப் போட்டால் கடைப் பூனை எழுந்து போய்விடுகிறது. தற்செயலா?

சாலிடர்_தம்பி:

அண்ணே, பூனையிலிருந்தே வருகிறேன். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு காது முடிந்துவிடும். பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும், நாய்க்கு 45 வரை. உங்களுக்கு அமைதியாக இருக்கும் கருவி அதற்கு ஒலிபெருக்கி கட்டிய கல்யாண வீடு. கிண்ணங்களுக்கு நடுவில் ஒலி 150 டெசிபலைத் தாண்டும். நீங்களும் காதை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது தண்ணீர். தெர்மாகோல் நிற்பதை வைத்துக் கருவி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நானும் அந்த ஏமாற்றத்தில் ஒரு மாதம் கிடந்தேன். ஒலி தரும் தூக்குவிசை பொருளின் கன அளவைப் பொறுத்தது, எடையும் கன அளவைப் பொறுத்ததுதான். ஆகவே பெரியதா சின்னதா என்பது அடிபட்டுப்போய், அடர்த்தி மட்டும் மிஞ்சும். தெர்மாகோல் மணி தண்ணீரைவிட ஏறக்குறைய 50 மடங்கு லேசு. விசை ஒலியழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், மணியை ஏதோ தாங்கிக்கொண்டிருக்கும் அழுத்தத்தைப்போல ஏழு மடங்கு இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். பாதிக் கோளாறோடு இருக்கிற கருவிகூட மணியைத் தூக்கிக் காட்டிவிடும்.

அந்தக் கோளாறு பெரும்பாலும் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் மாறிப்போவது. டிரான்ஸ்டியூசரில் பிளஸ் பக்கம் என்று போட்டிருக்கும் குறியை நம்பி மாட்டினீர்களா? மலிவாக வருவதில் குறி தப்பாக இருக்கும். தலைகீழாக மாட்டிய ஒன்று தன் பங்கைத் தராததோடு, நல்ல நிலையில் இருக்கும் இன்னொன்றின் பங்கையும் தின்றுவிடும். 72-இல் ஆறு தலைகீழ் என்றால் மிச்சம் 60 இருப்பது மாதிரி. 60-ஐ 72-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், விசை 70 சதவீதத்துக்கு வந்துவிடும். எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் துளி பக்கவாட்டில் நழுவுவதற்கும் அதுவே காரணம்.

உங்களிடம் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருக்குமே? கிண்ணத்தில் ஒட்டியபடியே பார்க்க வேண்டாம். கீழ்க் கிண்ணத்தை ஓட்டிவிட்டு, கையில் ஒரு டிரான்ஸ்டியூசரை ரிசீவராகப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், கை நகர்ந்தாலே அலையின் கட்டம் (ஃபேஸ்) மாறிவிடும். ஒவ்வொன்றையும் கழற்றி, தனியாக, ஒரே தூரத்தில், ஒரே ஸ்டாண்டில் வைத்து அலை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று பாருங்கள். சலிப்பான வேலைதான்.

செல்கடை_கோவில்பட்டி:

ஸ்கோப் இருக்கிறது தம்பி, இரண்டு சேனல். ஆனால் 72-ஐயும் கழற்றவா? ஹாட் குளூவில் ஒட்டியிருக்கிறேன். போர்டில் பிஜிஏ ஐசி கழற்றுவதே இதற்குத் தேவலை. சரி, இரவு கடை சாத்திய பிறகு உட்காருகிறேன்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. போலாரிட்டிதான் பிரச்சினை என்றால் விசை குறைவு, வோல்ட்டேஜ் ஏற்றினால் சரியாகிவிட வேண்டும். ஏற்றினால் வெடிக்கிறதே?

துளியியல்:

சரியான இடத்தில் இடிக்கிறது அண்ணா. நான் நுண்பாய்மவியல் (மிகச் சிறிய அளவுத் திரவங்களைக் கையாளும் துறை) ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், நாள் முழுவதும் ஒலியால் துளிகளைத் தள்ளுவதுதான் பிழைப்பு. சாலிடர்_தம்பி சொன்னது பாதி விடை. மீதிப் பாதி உங்கள் சொட்டு மருந்து பாட்டிலில் இருக்கிறது.

இந்த வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். அதை 40,000-ஆல் வகுத்தால் அலைநீளம் எட்டே முக்கால் மில்லிமீட்டர். மேலிருந்தும் கீழிருந்தும் வரும் அலைகள் சேர்ந்து ஓடாமல் நிற்கும் நிலை அலையாகும்போது, அழுத்தம் ஏறி இறங்காத இடங்கள் உண்டாகும், அவைதான் கணு. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே பாதி அலைநீளம், அதாவது 4.4 மில்லிமீட்டர். உங்கள் தெர்மாகோல் மணிகள் ஐந்தும் அந்த இடைவெளியில்தான் நின்றிருக்கும், ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

சாதாரணச் சொட்டுக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. ஒரு சொட்டு 50 மைக்ரோலிட்டர். அதை உருண்டையாக்கினால் விட்டம் நான்கரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணுக்களின் இடைவெளியைவிடப் பெரியது! ஒற்றைக் கட்டிலில் யானையைப் படுக்கச் சொல்கிறீர்கள். பொருளின் அளவு அடிபட்டுப்போகும் என்று தம்பி சொன்னது அலைநீளத்தோடு ஒப்பிட மிகச் சிறிய பொருளுக்கு மட்டும்தான்.

அடுத்தது வெடிப்பு. ஒலி துளியை அடியில் கைகொடுத்துத் தூக்குவதில்லை. மேலும் கீழும் அழுத்துகிறது, இடுப்பைச் சுற்றி வெளியே இழுக்கிறது. அதனால்தான் ஆப்பம். அதை மறுபடி உருண்டையாக்கப் பார்ப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை. அந்த இழுவிசையின் பிடி சின்னத் துளியில் அதிகம், பெரிய துளியில் குறைவு. தூக்கத் தேவையான அழுத்தமோ சின்னத் துளிக்கும் பெரிய துளிக்கும் ஒன்றுதான். ஆகவே பெரிய துளிக்கு, தூக்குகிற அளவு வருவதற்கு முன்பே கிழிகிற அளவு வந்துவிடுகிறது. நீங்கள் தேடிய அந்த நடு வோல்ட்டேஜ் உங்கள் சொட்டுக்கு உண்மையிலேயே கிடையாது. 2 மில்லிமீட்டர் துளிக்கு உண்டு.

2 மில்லிமீட்டர் என்றால் 4 மைக்ரோலிட்டர், உங்கள் சொட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சொட்டின் அளவை முடிவு செய்வது குழாய் முனையின் அகலம், ஆகவே மெல்லிய முனை வேண்டும். மருந்துக் கடையில் இன்சுலின் சிரிஞ்ச் கேளுங்கள். 31 கேஜ் ஊசியின் விட்டம் கால் மில்லிமீட்டர், அதன் நுனியில் தானாகத் தொங்கி விழும் சொட்டே ஏறக்குறைய இந்த அளவில் வந்துவிடும். 100 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர். உங்களுக்கு அரை யூனிட்டும் வேண்டாம். ஊசியைப் பக்கத்திலிருந்து கிடையாகக் கொண்டுபோய், கணுவுக்கு ஒரு மயிரிழை கீழே துளியை வளரவிட்டு, மெதுவாகப் பின்னால் இழுங்கள். எடை இருப்பதால் துளி எப்போதும் கணுவுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

செல்கடை_கோவில்பட்டி:

பன்னிரண்டு மடங்கு! எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் சுகர், ஊசிக்குப் பஞ்சமில்லை.

நீங்கள் இதே டைனிலெவ்தான் வைத்திருக்கிறீர்களா மேடம்? இதை வைத்து உண்மையில் என்ன செய்கிறார்கள்? மகள் கேட்பாள், எனக்குப் பதில் தெரிய வேண்டும்.

துளியியல்:

மேடம் எல்லாம் வேண்டாம் அண்ணா.

மிதக்கவைப்பவர்கள் வேறு குழு. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் மருந்துக் கரைசல்களை இப்படி மிதக்கவைத்துக் காய வைத்தார்கள். பாத்திரத்தில் காய்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு படிகமாகிவிடும். அந்தரத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, படிகமாகாமலே இருக்க வாய்ப்பு அதிகம், அப்படிப்பட்ட மருந்து உடலில் எளிதாகக் கரையும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மிதக்கும் துளிகள் ஆவியாவதை ஆராய்கிறார்கள். சூரிச் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் 2013-இல் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சதுரங்கப் பலகைக் கட்டங்கள் மாதிரி டிரான்ஸ்டியூசர்களை அடுக்கி, ஒன்றின் வலுவைக் குறைத்துக்கொண்டே பக்கத்திலுள்ளதை ஏற்றினார்கள். துளி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நடந்துபோனது. ஒரு பக்கமிருந்து தண்ணீர்த் துளி, இன்னொரு பக்கமிருந்து காபித்தூள் துணுக்கு, நடுவில் சந்தித்து அந்தரத்திலேயே காபி.

என் வேலை தரையில். லித்தியம் நியோபேட் என்ற படிகத் தகடு, அதன்மேல் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்து வைத்தது மாதிரி உலோகக் கோடுகள். 20 மெகாஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுத்தால் தகட்டின் தோலில் மட்டும் ஓர் அலை ஓடும், அலைநீளம் 200 மைக்ரான். ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 1885-இல் கணக்குப் போட்டுச் சொன்ன அலை. வழியில் ஒரு துளி உட்கார்ந்திருந்தால் அலை அதற்குள் 22 டிகிரி சாய்வில் கசிந்து ஏறும். கொஞ்சமாகக் கொடுத்தால் துளிக்குள் தண்ணீர் சுழலும், நல்ல கலக்கல். இன்னும் கொடுத்தால் துளி நகரும். மேலும் கொடுத்தால் சாய்வாகப் பீய்ச்சும். அதற்கும் மேல் போனால் பனிப்புகை. உங்கள் 12 வோல்ட் கதைதான் எங்களுக்கும், அளவு மட்டும் வேறு.

இந்தத் தகட்டை நீங்கள் நூறு முறையாவது கையில் எடுத்திருப்பீர்கள். போன் போர்டில் சா ஃபில்டர் என்று ஒன்று இருக்குமே?

செல்கடை_கோவில்பட்டி:

நிறுத்துங்கள். சா ஃபில்டரா? நெட்வொர்க் வராத போனில் ஆன்டெனா பக்கம் மாற்றிப் போடுவோமே, அரிசி முனை மாதிரி, அதுவா? சா என்றால் ஒலி அலை என்று இன்றுதான் தெரிகிறது. இருபது வருடமாக ஹாட் ஏர் வைத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். போனுக்குள் ஒலி எதற்கு?

பழைய போர்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றைப் பிரித்துத் துளி விட்டால் நகருமா?

துளியியல்:

அதேதான். ரேடியோ அலையை மின்சாரமாக வாங்கி, தகட்டில் ஒலியலையாக மாற்றி ஓடவிட்டு, மறுமுனையில் மறுபடி மின்சாரமாக்குகிறது. பற்களின் இடைவெளிக்குப் பொருந்தாத அதிர்வெண் எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும், ஃபில்டர் வேலை முடிந்தது. அந்தச் சீப்பு அமைப்பை ஒயிட், வோல்ட்மர் என்ற இருவர் 1965-இல் செய்து காட்டினார்கள். நாங்கள் பின்னால் வந்து அதே ஓடுபாதையில் தண்ணீரை வைத்தோம்.

உங்கள் டப்பாவிலிருப்பது துளி நகர்த்த ஆகாது. 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் நான்கரை மைக்ரானுக்கும் குறைவு, துளிக்குள் ஏறிய உடனே அடங்கிவிடும். தகடும் ஒரு மில்லிமீட்டர்தான், துளி வைத்தால் முழுவதையும் மூடிவிடும். மேலே துளிகூடப் பட்டுவிடக் கூடாது என்றுதான் மூடி போட்டு உள்ளே காற்றிடம் விட்டு அடைத்திருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்த போன் உங்களுக்குத் தெரியாததா!

ஓய்வுபெற்ற_இயற்பியல்:

முப்பத்து நான்கு ஆண்டு நிலை அலைகள் நடத்தியிருக்கிறேன். ஒருமுறைகூட துளியை நிறுத்திக் காட்டியதில்லை. கடைக்காரத் தம்பிக்கு முதலில் ஒரு கும்பிடு.

துளி தட்டையாவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூக்குவதற்காகத்தானே இவ்வளவு ஒலி? எடையே இல்லாத இடத்தில் இலேசாகத் தட்டிக்கொடுத்தாலே துளி நடுவில் நிற்கும், உருண்டையாகவும் இருக்கும். இதற்காகவே 1985 ஏப்ரலில் டெய்லர் வாங் என்ற இயற்பியலாளர் சேலஞ்சர் விண்கலத்தில் தன் கருவியோடு போனார். மேலே போய் சுவிட்சைப் போட்டால் கருவி ஓடவில்லை. பல ஆண்டு உழைப்பு. சரிசெய்ய அனுமதி கேட்டு, அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, கால் மட்டும் வெளியே தெரிய, நாள் கணக்கில் வயரை மாற்றிப் போட்டு ஓட வைத்தார். பிறகுதான் துளியை ஒலியாலேயே சுழலவிட்டு, வேகம் ஏற ஏற உருண்டை எப்படி இரண்டு பக்கம் வீங்கிய எலும்புத் துண்டு மாதிரி ஆகிறது என்று பார்த்தார்.

ரிப்பேர்க்காரர்தான், தம்பி. உங்கள் ஜாதி.

செல்கடை_கோவில்பட்டி:

ஐயா, அந்தக் கால் மட்டும் வெளியே தெரியும் படம் எனக்கு வேண்டும். கடையில் மாட்டுவேன்.

நிலவரம் சொல்கிறேன். மூன்று இரவு ஆயிற்று. 72-ஐயும் ஸ்கோப்பில் பார்த்தேன். ஐந்து தலைகீழ், அதில் நான்கு மேல் கிண்ணத்தில் ஒரே ஓரத்தில். நழுவியதும் அந்தப் பக்கம்தான். ஒன்று ரிசீவர் பீஸ், டிரான்ஸ்மிட்டர் பாக்கெட்டில் கலந்து வந்திருக்கிறது. எல்லாம் மாற்றி ஒட்டினேன்.

நேற்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்சுலின் ஊசியில் விட்டேன். முதல் ஏழெட்டுத் துளி ஊசியிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஊசி நுனியில் ஓர் இழை கிரீஸ் தடவினேன், விட்டுவிட்டது. 10 வோல்ட்டில் நின்றது. ஆப்பம் இல்லை, அமுக்கிய குழிப்பணியாரம் அளவுக்குத்தான் சப்பை. கை நடுங்கியது, ஒரு ஐஃபோன் போர்டைத் திறக்கும்போதுகூட எனக்கு அப்படி நடுங்காது. மகளைக் கூப்பிட்டேன். வந்தவள் என்னைப் பாராட்டவில்லை, நேராக லேப்டாப்பை எடுத்து மேல் கிண்ணத்தின் கட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டாள். துளி லிஃப்ட் மாதிரி இறங்கியது. ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தங்கச்சி சொன்ன பாதி அலைநீளம்.

அவள் அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அதே ஊசி, அதே 10 வோல்ட், தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. உடனே ஆப்பமாகிச் சிதறியது. பரப்பு இழுவிசை குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாளாம். மறுபடி என் மூஞ்சி.

பிறகு நல்ல தண்ணீர்த் துளி ஒன்றை நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தாள். பக்கத்தில் ஊசியை வைத்து, அதன் கால் மில்லிமீட்டரை அளவாகக் கொண்டு விட்டம் பார்த்தாள். 2 மில்லிமீட்டரில் தொடங்கி, பத்தாவது நிமிடம் 1.8-க்குக் கொஞ்சம் கீழே, இருபதாவது நிமிடம் ஒன்றரை. விட்டத்தை வர்க்கமாக்கி வரைந்தால் நேர்கோடாக வருகிறது என்று காட்டினாள். இது ஏன் நேர்கோடு என்று யாராவது அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் நல்லது, எனக்குப் புரிகிற மாதிரி எழுதினால் இன்னும் நல்லது.

இருபத்தைந்தாவது நிமிடப் படம் இல்லை. கரண்ட் போய்விட்டது. துளி விழுந்து கீழ்க் கிண்ணத்தில் ஒரு டிரான்ஸ்டியூசரின் சல்லடைக்குள் இறங்கிவிட்டது. காயட்டும் என்று விட்டிருக்கிறேன். பூனை வந்து ஸ்டூலில் படுத்திருக்கிறது.